குழந்தைக்கு ஒரு பட்டன் கோட்: ஊசி-நூல் கேள்வி பதில்

குளிர் எட்டிப் பார்த்ததுமே கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன. குழந்தைக்கு உல்லன் நூலில், குரோஷா ஊசியில், முன்பக்கம் பட்டன் வைத்த கோட்டோ கார்டிகனோ பின்ன வேண்டும், எப்படி என்பதுதான் பாதிப்பேருக்கு மேல் கேட்டிருப்பது. அதனால் டேபிள் மேட்டும் மொபைல் பையும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு நான்கு வயது. காலையில் ஸ்கூல் வேன் வரும்போது நல்ல குளிர். இரண்டு வருடமாவது போடட்டும் என்று ஆறு வயது அளவிலேயே பின்னிவிடலாமா? எத்தனை செயின் போட்டு ஆரம்பிக்க வேண்டும்? (குன்னூர் வாசகி)

ஆறு வயது அளவில் பின்னினால் இந்த வருடம் தோள் தொங்கும், கையை நாலு மடிப்பு மடித்துவிட வேண்டியிருக்கும், வேனில் ஏறும்போது அது எதிலாவது மாட்டும், ஒரு வாரத்தில் அந்தக் கோட் அலமாரிக்குப் போய்விடும். குழந்தைகள் வளர்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். நான்கு வயதுக்கு வழக்கமாகச் சொல்லும் மார்புச் சுற்றளவு 58 செ.மீ., ஆறு வயதுக்கு 63 செ.மீ. சொச்சம். இரண்டு வருடத்தில் அகலத்தில் ஐந்து செ.மீ.தான் கூடுகிறது. கையும் உடம்பும்தான் சரசரவென்று நீள்கின்றன. ஆகவே அகலத்தில் தாராளம் கொடுத்துவிட்டு, நீளத்தைப் பிற்பாடு கூட்டிக்கொள்கிற மாதிரி பின்னுவதுதான் புத்திசாலித்தனம். அதற்கு வசதி, கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் ராக்லன் முறை.

எத்தனை செயின் என்பது உங்கள் கையைப் பொறுத்தது. ஒருவர் இறுக்கிப் பின்னுவார், ஒருவர் தளர்த்திப் பின்னுவார். நீங்கள் எடுத்த நூலிலும் ஊசியிலும் 15 செ.மீ. சதுரத்துக்கு ஒரு துண்டு பின்னுங்கள், கோட்டை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே அதையும் துவைத்துக் காயவையுங்கள், பிறகு நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். ஓரத்தில் எண்ணாதீர்கள், அங்கே இழுபட்டிருக்கும். இதற்கு ஒரு சாயங்காலம் போகும். போகட்டும்.

ஓரளவு தடிமனான நூலும் 5 மி.மீ. ஊசியும் எடுத்து, ஹாஃப் டபுள் தையலில் (ஊசியில் ஒரு சுற்று நூல் சுற்றிப் போட்டு, கடைசியில் மூன்று வளையத்தையும் ஒரே இழுப்பில் எடுப்பது) 10 செ.மீ.க்கு 14 கண்ணியும் 11 வரிசையும் வருகிறது என்று வைத்துக்கொண்டு உங்கள் மகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மார்பு 58, உள்ளே யூனிஃபார்மும் இருக்கும் என்பதால் கூடுதலாக 10, ஆக 68 செ.மீ. அதற்கு 96 கண்ணி வேண்டும். கழுத்தில் 48 கண்ணியில் ஆரம்பியுங்கள். முன்பக்கம் ஒன்று 9, கை 6, முதுகு 18, இன்னொரு கை 6, இன்னொரு முன்பக்கம் 9. இந்த ஐந்து பாகமும் சந்திக்கும் நான்கு இடத்திலும், முந்தைய பாகத்தின் கடைசிக் கண்ணியிலும் அடுத்த பாகத்தின் முதல் கண்ணியிலும் இரண்டிரண்டு ஹாஃப் டபுள் போட்டால் வரிசைக்கு எட்டு கண்ணி கூடும். அப்படிப் பதின்மூன்று வரிசை போனால் மொத்தம் 152 வரும்: முன்பக்கங்கள் 22, 22, முதுகு 44, கைகள் 32, 32. கூட்டாமல் இன்னும் இரண்டு வரிசை பின்னுங்கள், அக்குள் ஆழம் 14 செ.மீ. கிட்ட வந்துவிடும். இப்போது கைக் கண்ணிகளை விட்டுத் தாண்டி, அக்குளுக்கு நாலு நாலு செயின் போட்டு முன்னையும் பின்னையும் சேர்த்தால் நாம் கேட்ட 96 வந்து நிற்கிறது. அங்கிருந்து நேராக இறங்கினால் உடம்பு. இடுப்புவரை போதும் என்றால் 22 செ.மீ., தொடை மூடுகிற கோட்டாக வேண்டுமென்றால் 30 செ.மீ.

கைக்கு விட்டுவைத்த 32-உடன் அக்குள் செயினில் நாலு எடுத்து 36. ஐந்து வரிசைக்கு ஒருமுறை இரண்டு கண்ணி குறைத்து, 26-க்கு வந்ததும் மணிக்கட்டுப் பட்டி 4 செ.மீ. பின்னி முடியுங்கள். பட்டியைக் கொஞ்சம் நீட்டி மடித்துவிட்டால் அடுத்த வருடத்துக்கும் ஆகும்.

நூல் 350 கிராம் வாங்குங்கள். குரோஷா, இரண்டு ஊசிப் பின்னலைவிட நூலை அதிகம் தின்னும், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கூடவே பிடிக்கும். எல்லா உருண்டையும் ஒரே சாய லாட்டில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியதாக) இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள், ஒரு உருண்டை அதிகமாகவே வாங்குங்கள்.

(ராக்லன் யாரென்று இன்னொரு வாசகி கேட்டிருந்தார். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய பிரபு. 1815-இல் வாட்டர்லூவில் வலது கையை இழந்தவர். கார்டிகன் என்ற பெயரும் அதே போரில், 1854-இல் பாலக்ளாவாவில் குதிரைப்படையை நடத்திப்போன இன்னொரு பிரபுவுடையது. நம் ஊர் மங்கி கேப்புக்கு ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயர்தான். ஒரு சண்டையில் இத்தனை கம்பளி!)

நேராகப் பின்னுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பின்னினால் பத்து வரிசையில் துண்டு முக்கோணமாகிவிடுகிறது. ஏன்? (சேலம் வாசகி)

வரிசை முடிவில் ஒரு கண்ணியை விட்டுவிடுகிறீர்கள், வேறொன்றுமில்லை. திரும்பும்போது போடுகிற இரண்டு செயினைக் கண்ணியாகக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். எடுத்தால், அடுத்த வரிசையின் கடைசிக் கண்ணியை அந்தச் செயினின் தலையில் போட வேண்டும். எடுக்காவிட்டால் முதல் கண்ணியை அடியிலேயே போட்டுத் தொடங்க வேண்டும். இதில் பாதி அதையும் பாதி இதையும் கலப்பதால்தான் முக்கோணம். பத்து வரிசை பழகும்வரை ஒவ்வொரு வரிசையையும் எண்ணுங்கள், முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒரு சேஃப்டி பின் குத்தி வையுங்கள்.

மகன் டொரண்டோவில் இருக்கிறான். பேரனுக்கு இரண்டு வயது. அங்கே பனி என்பதால் தடித்த நூலில், தலைக்குக் குல்லா சேர்த்து, கழுத்தில் இழுத்துக் கட்டக் குஞ்சலம் வைத்த கயிறோடு ஒரு பெரிய கோட் பின்னி அனுப்ப ஆசை. மாதிரி படம் இருந்தால் சொல்லுங்கள். (கோயம்புத்தூரிலிருந்து ஒரு பாட்டி)

அம்மா, பின்னுங்கள், ஆனால் நீங்கள் சொன்ன கோட்டை வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் காரணங்களைக் கேளுங்கள்.

முதலில் குளிர். டொரண்டோவில் ஜனவரி இரவுகளில் சைபருக்குக் கீழே பத்து டிகிரி என்பது சாதாரணம், கூடவே ஏரிக்காற்று. குரோஷா பின்னல் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதில் ஓட்டை ஓட்டைதான். நம்மைச் சூடாக வைப்பது நூலின் எடை கிடையாது, நூலுக்குள்ளே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. வெளிக்காற்று ஊடுருவி அதைக் கலைத்துவிட்டால் அரைக்கிலோ நூலும் வீண். அதனால் அந்த ஊரில் வெளிப்புறத்துக்குக் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட்தான் போடுவார்கள், அதை உங்கள் மகன் கடையில் வாங்கியிருப்பார். நீங்கள் பின்னுவது அதற்கு உள்ளே போடுகிற ஸ்வெட்டர், அல்லது இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் தனியாகப் போடுகிற கோட். உள்ளே போடுவதென்றால் மெல்லிசாக இருந்தால்தான் ஜாக்கெட்டின் கைக்குள் நுழையும். தடிமனாக இருந்தால் பேரன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மடக்க முடியாமல் நிற்பான்.

அடுத்தது கார். அங்கே குழந்தையைக் கார் சீட்டில் வைத்துத்தான் கூட்டிப்போவார்கள், அதன் பெல்ட் உடம்போடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். புசுபுசுவென்ற கோட்டுக்கு மேல் பெல்ட் போட்டால் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், மோதும் நேரத்தில் கோட் அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். அதனால்தான் தடித்த கோட்டைக் கழற்றிவிட்டு மெல்லிய ஆடையோடு பெல்ட் மாட்டு, மேலே போர்வை போர்த்து என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மெல்லிய கார்டிகன் என்றால் காருக்குள்ளும் போட்டபடி இருக்கலாம்.

மூன்றாவது அந்தக் கயிறு. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சறுக்குமரத்தில் கழுத்துக் கயிறும் பேருந்துக் கதவில் இடுப்புக் கயிறும் மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2 முதல் 12 வயது அளவுக் குழந்தைகளின் மேலாடையில் குல்லாவிலோ கழுத்திலோ இழுப்புக் கயிறு இருந்தால் அதை ஆபத்தான பொருள் என்றே 2011-இல் அறிவித்துவிட்டார்கள். குல்லா வேண்டுமென்றால் தனித் தொப்பியாகப் பின்னுங்கள். தொப்பி எதிலாவது மாட்டினால் தலையைவிட்டுக் கழன்றுவிடும். குஞ்சலம் ஆசை தீரவில்லையென்றால் அந்தத் தொப்பியின் உச்சியில் ஒரு பந்தை வைத்துக் கெட்டியாகத் தைத்துவிடுங்கள்.

ஆகவே: கொஞ்சம் மெல்லிய நூல், 4 மி.மீ. ஊசி, மெஷினில் போட்டுத் துவைக்கக்கூடிய நூல் மட்டும். சின்னக் குழந்தை வைத்திருக்கும் மருமகள் கையால் அலசி நிழலில் விரித்துக் காயவைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள், அந்த ஊர் அடுக்குமாடியில் நிழல் உண்டு, விரிக்க இடம்தான் இருக்காது. கண்ணிகள் நெருக்கமாக இருக்கட்டும், பூ டிசைன் ஓட்டைகளில் சின்ன விரல் மாட்டும். இரண்டு வயதுக்கு மார்பு 53 செ.மீ. என்பார்கள், ஆனாலும் வீடியோ காலில் மகனை டேப் வைத்து அளக்கச் சொல்லிவிட்டே தொடங்குங்கள். பார்சல் போய்ச் சேர்வதற்குள் வளர்ந்துவிடுவான், அதற்கும் இரண்டு செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் கம்பளி நல்லதா, அக்ரிலிக் நல்லதா? கடையில் எல்லாவற்றையும் 'உல்லன்' என்றே கொடுக்கிறார்கள். (ஓசூர் வாசகர்)

ஆண் வாசகர், வாழ்க! நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான், லூதியானாவிலிருந்து வருவது. லேபிளில் நூறு சதம் அக்ரிலிக் என்று அச்சடித்தே இருக்கும், யாரும் படிப்பதில்லை. அக்ரிலிக் மலிவு, துவைக்கச் சுலபம், பூச்சி அரிக்காது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, நெருப்பு பட்டால் உருகித் தோலில் ஒட்டும், இஸ்திரிப் பெட்டி பட்டால் தொய்ந்துபோய் மறுபடி எழும்பவே எழும்பாது.

ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்தது போலவே இருக்காது, எளிதில் தீப்பிடிக்காது. அதன் குறை, வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கட்டிதட்டிப்போவது. இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன, சூட்டிலும் உராய்விலும் அவை ஒன்றோடொன்று பின்னிப் பூட்டிக்கொள்ளும். 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருந்தால் அந்தச் செதிலை அடக்கிப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், மெஷினில் போடலாம். அரிப்புக்குக் காரணம் இழையின் தடிமன். மெரினோ மெல்லிய இழை, அதனால் குத்தாது. கடையில் நூலைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளங்கைக்கு ஒன்றும் தெரியாது. கழுத்தோரம் வைத்து ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள்.

நீலகிரியிலேயே மெல்லிய கம்பளி தரும் ஆட்டினம் ஒன்று இருக்கிறது, நீலகிரி ஆடு என்றே பெயர். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதை மெரினோவோடு கலந்து சாண்டினோ என்று ஒரு இனத்தையும் உருவாக்கினார்கள். இருந்தும் மலையேறிப் போய் நாம் வாங்கிவருவது வடக்கிலிருந்து வந்த அக்ரிலிக் ஸ்வெட்டர். சரி, அந்தப் புலம்பல் இன்னொரு நாளைக்கு.

தினமும் பள்ளிக்குப் போடுவதென்றால் என் ஓட்டு அக்ரிலிக்குக்கு, அல்லது இரண்டும் கலந்த நூலுக்கு. மலையில் இருப்பவர்கள், குளிர்நாட்டில் இருப்பவர்கள், கவனமாகத் துவைக்கக்கூடியவர்கள் மெரினோவுக்குச் செலவழிக்கலாம்.

கோட் நன்றாக வந்தது. பட்டன் பட்டி பின்னியதும் முன்பக்கம் அலையலையாக நெளிகிறது. இரண்டாவது முறை பின்னினேன், இப்போது மேலே இழுத்துக்கொண்டு நிற்கிறது. காஜாவும் தொளதொளவென்று பட்டன் நழுவுகிறது. (நுவரெலியா வாசகி)

கார்டிகன் பின்னுகிற பலரும் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். முன் ஓரத்தில் இருப்பது வரிசைகளின் பக்கவாட்டு, அங்கே கண்ணி எடுக்கும்போது வரிசைக்கு ஒன்று எடுத்தால் போதாது, இழுக்கும். வரிசைக்கு இரண்டு எடுத்தால் கூடிப்போகும், நெளியும். குன்னூர்க்காரருக்குப் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையின் உயரம் ஏறக்குறைய 9 மி.மீ., ஒரு கண்ணியின் அகலம் 7 மி.மீ., ஆக நான்கு வரிசைக்கு ஐந்து கண்ணி. உங்கள் துண்டில் என்ன வருகிறதோ அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள். பட்டிக்கு மட்டும் ஊசியை ஒரு நம்பர் குறைத்து, சிங்கிள் தையலில் ஐந்தாறு வரிசை, 3 செ.மீ. அகலம் போதும். முதல் வரிசை முடிந்ததும் கோட்டைத் தரையில் விரித்துப் பாருங்கள். நெளிவதும் இழுப்பதும் அப்போதே தெரிந்துவிடும், ஆறு வரிசை முடித்துவிட்டு அழ வேண்டாம்.

பட்டன் தைக்கிற பட்டியை முதலில் முடியுங்கள். அதில் கழுத்திலிருந்து 1 செ.மீ. விட்டு ஒரு குறி, கீழ் ஓரத்திலிருந்து 3 செ.மீ. விட்டு ஒரு குறி, மீதியைச் சமமாகப் பிரித்து மூன்று. அந்தக் குறிகளுக்கு நேராக எதிர்ப்பட்டியில் நடு வரிசையில் காஜா விடுங்கள், இரண்டு செயின் போட்டு இரண்டு கண்ணி தாண்டினால் ஒரு காஜா. அடுத்த வரிசையில் செயினுக்குள்ளே ஊசியை விடாமல் செயினின் இழையிலேயே குத்திப் பின்னினால் தொளதொளக்காது. கையால் இழுக்காமல் பார்க்கும்போது ஓட்டை பட்டனைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரிய வேண்டும், நூல் இழுபட்டுக் கொடுக்கும், நாள் போகப் போக இன்னும் கொடுக்கும். பட்டனைக் கையிலே வைத்துக்கொண்டு காஜா விடுங்கள். காஜா விட்டுவிட்டுப் பட்டன் தேடிக் கடைக்குப் போவது தலைகீழ் வேலை.

பட்டனை உல்லன் நூலால் தைக்காதீர்கள், தேய்ந்து அறும். பாலியெஸ்டர் தையல் நூல் நாலு இழை. பட்டிக்குப் பின்புறம் ஒரு குட்டிச் சட்டைப் பட்டனை வைத்து இரண்டையும் சேர்த்துத் தையுங்கள், பின்னல் கிழியாது. தைக்கும்போது பட்டனுக்கு அடியில் ஒரு தீக்குச்சியை வைத்து, முடித்ததும் உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலைச் சுற்றிக் கட்டுங்கள். தடித்த பட்டிக்கு இந்தக் குட்டிக் கழுத்து இருந்தால்தான் பட்டன் அமர்ந்து நிற்கும். மூன்று வயதுக்குள்ளான குழந்தை என்றால் ஒவ்வொரு துவைப்புக்கும் பிறகு பட்டனை இழுத்துப் பாருங்கள், எல்லாம் வாய்க்குத்தான் போகும்.

பெண் குழந்தைக்கு வலது பக்கம் மேலே, ஆண் குழந்தைக்கு இடது பக்கம் மேலே என்பது தையல்கடை வழக்கம். தம்பிக்கும் அதே கோட் போகப்போகிறது என்றால் இரண்டு பட்டியிலும் காஜா விட்டு, ஒரு பக்கத்துக் காஜாவின் மேலேயே பட்டனைத் தைத்து மூடிவிடுங்கள். பிறகு பட்டனை மட்டும் பக்கம் மாற்றினால் போதும்.

இணையத்தில் எடுத்த ஒரு பேட்டர்னை அப்படியே பின்னினேன். மூன்று வயதுக்குப் போட்ட கோட் பத்து வயதுக்கு வந்திருக்கிறது. (மதுரை வாசகி)

அது பிரிட்டிஷ் பேட்டர்னாக இருக்கும், நீங்கள் அமெரிக்க முறையில் பின்னியிருப்பீர்கள். பிரிட்டனில் டபுள் குரோஷே என்றால் அமெரிக்காவில் அது சிங்கிள். பிரிட்டனில் ட்ரெபிள் என்றால் அமெரிக்காவில் டபுள். ஒவ்வொரு தையலும் ஒரு படி உயரமாகிக் கோட் நீண்டுவிட்டது. பேட்டர்னில் எங்காவது சிங்கிள் குரோஷே என்ற பெயர் வந்தால் அமெரிக்க முறை, அந்தப் பெயரே இன்றைய பிரிட்டிஷ் முறையில் கிடையாது. கோட்டைப் பிரிக்காதீர்கள், பத்து வயதுப் பிள்ளை பக்கத்து வீட்டில் யாராவது இருப்பார்கள்.

தங்கச்சி பையனுக்குப் பழைய ஸ்வெட்டர், கோட் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்துருண்டை போட்டு வைக்கலாமா? (சென்னை வாசகி)

வேண்டாம். அந்துருண்டையில் பெரும்பாலும் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த வாசனை ஏறிய துணியே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம். பச்சிளங்குழந்தைக்கு அந்தக் குறை இருப்பதே பல வீடுகளில் தெரியாது. அக்ரிலிக் என்றால் பூச்சி தொடாது, எதுவுமே தேவையில்லை. கம்பளி என்றால் துவைத்து நன்றாகக் காயவைத்து, ஜிப் வைத்த கவரில் காற்றை வெளியேற்றி மூடி வையுங்கள், அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிற துணியைத்தான் பூச்சி முதலில் தேடும். ஏற்கெனவே அந்துருண்டையோடு கிடந்த துணி என்றால் வெளியே காற்றில் போட்டு, வாசனை போகும்வரை துவைத்த பிறகே கொடுங்கள்.

போன வருடம் பின்னிய கோட் இப்போது கையும் உடம்பும் குட்டை. அதே நூல் கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்? (கொடைக்கானல் வாசகி)

கழுத்திலிருந்து இறங்கிய கோட்டா? அப்படியென்றால் கீழ்ப் பட்டியின் கடைசி முடிச்சை அவிழ்த்துப் பட்டியை மட்டும் பிரியுங்கள், அங்கிருந்து வேறு நிறத்தில் ஏழெட்டு வரிசை பின்னி மறுபடி பட்டி போடுங்கள். கீழிருந்து ஏறிய கோட் என்றால் பிரிக்க வேண்டியதில்லை, தொடக்கச் செயினின் மறுபக்கத்தில் கண்ணி எடுத்துக் கீழே பின்னிக்கொண்டு போகலாம். அதே நிறத்தைத் தேடி அலையாதீர்கள், ஒரு வருடம் துவைத்த நூலோடு புது நூல் சேராது, ஒட்டுப்போட்டது போலத்தான் தெரியும். முற்றிலும் மாறான நிறம் எடுத்து, அதே நிறத்தைக் கை நுனியிலும் பட்டன் பட்டியின் ஓரத்திலும் ஒரு வரிசை ஓட்டிவிட்டால் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் டிசைன் போட்டீர்கள் என்று நினைப்பார்கள். நூலின் தடிமன் மட்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், கோட்டையே கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.